பக்கத்து வீட்டுக்காரருக்கு

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், உங்கள் தங்கை, என் முதுகுவலி. சுரங்க முகாமில் தூசி அதிகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இருமல் நின்றதா? மருந்துக்கடைக்காரனை மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டு கண்ட சிரப்பையும் குடிக்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் திடீரென்று கார்களில் ஆர்வம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். மூன்று கை மாறி வந்த சிவப்புக் கார் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ‘மிளகாய்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். சின்ன வண்டிதான், ஆனால் டர்போ உண்டு. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு காற்றாடி சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் என்ற அளவுக்குப் புரிந்துகொண்டேன். திணிப்பு அளவு மீறினால் இன்ஜினுக்கு ஆபத்து. அதனால் ஒரு சின்னக் கதவு திறந்து புகையை வேறு வழியாக விட்டுவிடுமாம். அந்தக் கதவு எப்போது திறக்கலாம் என்று அடக்கி ஆள்கிற மின்சார வால்வுக்குப் பெயர் பூஸ்ட் சோலனாய்டு. வண்டியோடு வந்தது சோம்பேறியாகிவிட்டதால், வெளியில் விற்கிற புதிது ஒன்று வாங்கியாயிற்று. உள்ளங்கைக்குள் அடங்குகிறது, ஆனால் அதற்கு மூன்று வாய். எந்த வாயில் எந்தக் குழாயைச் சொருகுவது?

உங்கள் தங்கை வழக்கம்போல இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இருவரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாததில் நான் தலையிடப் போவதில்லை. இந்தக் கார் விஷயம் முழுக்க முழுக்க என் சொந்த ஆர்வம்.

பதிலுக்குக் காத்திருக்கும்
மாப்பிள்ளை


பிப்ரவரி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருமல் போய்விட்டது. பசி போகவில்லை. சாமான் வண்டி பத்து நாளைக்கு ஒருமுறைதான் தபால் கொண்டுவருகிறது, போன் டவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கார் ஆர்வம் வந்ததில் மெத்த மகிழ்ச்சி. கடைசியாக நான் வீட்டுக்கு வந்தபோது பானெட்டைத் திறக்கச் சொன்னேன். நீங்கள் டிக்கியைத் திறந்துவிட்டு, “மச்சான், இன்ஜினைக் காணோமே!” என்றீர்கள். அங்கிருந்து மூன்று வாய் வால்வு வரைக்கும் வந்திருப்பது சாதாரண வளர்ச்சியா?

கேளுங்கள். ஒரு வாய்க்கு டர்போவிலிருந்து காற்று வரும் குழாய். இன்னொரு வாயிலிருந்து, கதவைத் தள்ளுகிற டப்பாவுக்குப் போகும் குழாய். மிச்சமிருப்பதைத் திறந்தே விட்டு, தூசி போகாமல் ஒரு வடிகட்டி மட்டும் போடுங்கள். வால்வின் மேல் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி போடுவார்கள். வாயால் ஊதிப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது டர்போ பக்கம் ஊதினால் காற்று டப்பா பக்கம் வர வேண்டும். இது முக்கியம். நாளைக்கே வயர் அறுந்தாலும் காற்று நேராகப் போய்க் கதவைத் திறந்துவிடும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். மாற்றி மாட்டினால் கதவு திறக்கவே திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் பிஸ்டனைக் கூட்டி அள்ள வேண்டியதுதான்.

நான் இங்கே வீட்டளவு லாரிகளோடு மல்லுக்கட்டுகிறேன். சின்ன இன்ஜின் சத்தம் காதில் விழுந்து நாளாகிறது.

தங்கச்சி வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

அன்புடன்
மச்சான்


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலமே. முதுகும் நலமே, அதைப் பற்றி இனி எழுத மாட்டேன். ஊதிப் பார்த்தோம். பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே மாட்டியாயிற்று.

இப்போது வயர். சோலனாய்டிலிருந்து இரண்டு வயர் வருகிறது, இரண்டும் ஒரே கறுப்பு. எது பிளஸ், எது மைனஸ்? பழைய சோலனாய்டுக்கு இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து வந்த வயர் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கரண்ட் கொடுத்த வயரை மட்டும் எலி விருந்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறது. புதிதாக எங்கிருந்து எடுப்பது? எல்லாவற்றையும் காட்டும் படம் ஒன்று இதோடு இணைத்திருக்கிறேன். நானே வரைந்தது.

நேற்று கொட்டகையில் நின்றுகொண்டிருந்தபோது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல், “அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க” என்றது. எடுத்துக் கொடுத்தேன். “இது பன்னெண்டு.” வேறு கொடுத்தேன். “இது ஸ்பேனரே இல்ல, ஸ்க்ரூ டிரைவர்.” நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். அது பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வாக இருந்தால் அவ்வப்போது வந்து எனக்கு உதவுவார்.

உங்கள் தங்கை வேளைக்குச் சாப்பிடுகிறாள். கையைத்தான் சரியாகக் கழுவுவதில்லை, தட்டெல்லாம் கிரீஸ். அலுவலகத்தில் கிரீஸ் அதிகம் போலிருக்கிறது.

அன்புடன்
மாப்பிள்ளை


மார்ச் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சமையற்காரர் சாம்பார்க் கரண்டியோடு வந்து, “எதாவது நல்ல சேதியா?” என்றார். “என் மாப்பிள்ளை மெக்கானிக் ஆயிட்டாரு” என்றேன்.

வயர் இரண்டில் எது எதுவானாலும் சரி. சாதாரணக் காயில்தான், அதற்கு வலது இடது தெரியாது. ஒன்றுக்கு, சாவி போட்டால் மட்டும் வருகிற பன்னிரண்டு வோல்ட் கொடுங்கள், நடுவில் ஐந்து ஆம்ப் ஃபியூஸ். மற்றதைக் கம்ப்யூட்டர் வயரில் சேருங்கள். கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் எர்த்தை விட்டு விட்டுக் கொடுக்கும், விநாடிக்கு முப்பது தடவை. எவ்வளவு நேரம் கொடுக்கிறது, எவ்வளவு நேரம் விடுகிறது என்பதில்தான் பூஸ்ட் முழுவதும் அடங்கியிருக்கிறது. சோம்பல்பட்டு அந்த வயரை நேராக வண்டியின் உடம்பில் திருகிவிட்டால், வால்வு ஓயாமல் இழுத்துக்கொண்டே கிடக்கும், கட்டுப்பாடு போய்விடும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். நன்றாக அழுத்திப் பிடித்து மூட வேண்டும், இன்ஜின் ஆட்டம் பொல்லாதது.

படம் பிரமாதம். எர்த்துக்கு ஊர் உலகத்தில் எல்லோரும் மூன்று கோடு போடுவார்கள். ஐந்து கோடு போட்டு, கடைசிக் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளியும் வைக்கிற ஆளை நான் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருப்பது அதிசயம்தான்.

பக்கத்து வீட்டுக்காரரை மிகவும் கேட்டதாகச் சொல்லவும். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம் என்றும் சொல்லவும். அவருக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருக்கக்கூடும்.

அன்புடன்
மச்சான்


ஏப்ரல் 17

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்பெல்லாம் சுகம், மனசுதான் குழம்பிக் கிடக்கிறது. மிளகாய்க்கு ஏதோ பிடித்திருக்கிறது.

போன சனிக்கிழமை வயரிங் முடிந்தது. வெளியே கொட்டுகிற மழை. மழையென்று பார்க்காமல் ஓட்டிப் பார்த்தோம். மச்சான், அப்படி ஒரு ஓட்டம்! பூஸ்ட் மீட்டரில் முள் புள்ளி ஆறைத் தாண்டி விறுவிறுவென்று ஏறிப் புள்ளி ஒன்பதைத் தொட்டது. என் முதுகு இருக்கைக்குள் புதைந்துவிட்டது. மேம்பால வளைவில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மறுநாள் நல்ல வெயில். அதே சாலை, அதே கார். முள் புள்ளி ஆறிலேயே உட்கார்ந்துவிட்டது, அடித்தாலும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை தூறல். மறுபடி பறந்தது. தூறல் நின்றதும் படுத்துவிட்டது. வியாழன் வெயில், தவழ்ந்தது. ஈரக் காற்று இன்ஜினுக்கு நல்லது, வறண்ட காற்றில் அதற்கும் தொண்டை கட்டும் என்று நான் சொன்னேன். “உங்க சிரப்பை ஊத்தட்டுமா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான்கு நாளாக அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டில் விரலால் வயர் படம் போட்டுக்கொண்டே சாப்பிடுகிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கரண்ட் எடுத்தது முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் மோட்டார் பக்கத்தில் ஓடும் ஒரு வயரிலிருந்து. வைப்பர் பிளக் இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தோம். சாவி போட்டால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. நீங்கள் சொன்ன மாதிரியேதான்.

சீக்கிரம் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


மே 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வளைவில் கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டுகிற டிரைவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. தயவுசெய்து பக்கத்து இருக்கையிலேயே உட்காருங்கள்.

நீங்கள் கரண்ட் எடுத்திருப்பது வைப்பரின் வயரிலிருந்தே, வைப்பர் சுவிட்சைப் போட்டால்தான் அதில் கரண்ட் வரும். டெஸ்ட் லேம்ப் வைத்த அன்றைக்கு, மழையில் வீடு வந்த வண்டியில் வைப்பர் சுவிட்சை அணைக்காமல் சாவியை மட்டும் எடுத்திருப்பீர்கள். பிளக் கழன்றிருந்ததால் வைப்பர் ஆடிக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மழை பெய்தால் வைப்பர் போடுகிறீர்கள், சோலனாய்டுக்குக் கரண்ட் வருகிறது. வெயிலில் வைப்பர் இல்லை, கூடுதல் பூஸ்டும் இல்லை. இப்போதைக்கு வெயிலிலும் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், பறக்கும். பிறகு வேறு இடத்திலிருந்து எடுங்கள்.

ஊதிப் பார்த்துச் சரியாக மாட்டியதால் வால்வு கைவிடவில்லை பார்த்தீர்களா? கரண்ட் இல்லாத நாளில் காற்று நேராகப் போய்ப் புள்ளி ஆறிலேயே கதவைத் திறந்துவிட்டது, இன்ஜின் பத்திரமாக இருந்தது.

கீழே இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு. நீங்களும் படிக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் நானும் ஒருத்தியும் சேர்ந்து ஒரு கறுப்புக் கார் செய்தோம். ஸ்பேனர் வேலை முழுவதும் அவளுடையது, வயர் வேலை என்னுடையது. இன்ஜினைக் கடைசி நட்டு வரை பிரித்துக் கோத்தவள் அவள். மலைச் சாலைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தோம். பத்திரிகைக்காரர் மைக்கை நீட்டி, “இன்ஜின் யாரு செஞ்சது?” என்றார். “நான்தான்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் பேப்பரில் என் பெயர் மட்டும் வந்தது. அவள் கொட்டகைச் சாவியைப் பட்டறை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதமே நான் இந்த வேலைக்கு வந்துவிட்டேன். வேலை கிடைத்தது, போனேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஓடிவந்தேன் என்பதுதான் சரி.

நான் செய்தது தப்பு. இதைச் சொல்ல எனக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தேவைப்பட்டார்.

மச்சான்


ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். மூன்று சாமான் வண்டி வந்துபோய்விட்டது. அரிசி வந்தது, டயர் வந்தது, சமையற்காரருக்கு அவர் மனைவியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

எழுதியதில் ஏதாவது கூடுதலாகப் போய்விட்டதா? குறைவாக இருந்ததா? வைப்பர் விஷயமாவது சரியாகிவிட்டதா என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் “சரி” என்று எழுதினாலும் போதும்.

மச்சான்


ஜூன் 20

அன்புள்ள மச்சானுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். “ஒண்ணும் எழுதாதீங்க” என்று உத்தரவு. அதனால் நான் ஒன்றும் எழுதவில்லை. இதையும் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை அவள் கொட்டகையில் நின்றபடியே படித்தாள். மடித்தாள். ஸாக்கெட் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதன் பிறகு மிளகாயில் போட்ட வயர் அத்தனையையும் பிடுங்கிப் போட்டாள். நான் பதறிப்போய், “ஏன்மா, வைப்பர் வயரை மட்டும் மாத்தினா போதாதா?” என்றேன். “கை சும்மா இருந்தா அழுதுருவேன். போய் டீ போடுங்க” என்றாள். ஒரு வாரம் திரும்பத் திரும்பப் புதிதாக வயர் இழுத்தாள். நான் இருபத்தோரு தடவை டீ போட்டேன். இப்போது வெயிலிலும் பறக்கிறது.

உங்களிடம் நான் சொன்ன பொய்க்கெல்லாம் கணக்கில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் அவள் அந்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, “வயர் வேலை எனக்குச் சரியா வராது. யார்கிட்டயாவது எழுதிக் கேளுங்க. யார்கிட்டன்னு எனக்குச் சொல்ல வேணாம்” என்றாள். விலாசத்தை மட்டும் அவளே மேஜை மேல் எடுத்து வைத்திருந்தாள்.

ஜூலை 28 மலைச் சாலைப் பந்தயம். பெயர் கொடுத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 2

அண்ணா,

நான் நலம். நீ மெலிந்திருப்பாய், தெரியும்.

பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. அந்த வீடு பூட்டி ஆறு மாதமாகிறது.

புள்ளி ஒன்பதுக்கு வைத்தால் முள் ஒன்று புள்ளி இரண்டுக்குத் துள்ளிவிட்டுப் பிறகுதான் இறங்குகிறது. இறங்கிய பிறகும் நிற்காமல் ஆடுகிறது. சோலனாய்டைப் பேட்டரிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். வயரா, குழாயா, கம்ப்யூட்டர் கணக்கா?

உன் கடிதத்தைப் படித்தேன். நீ தப்பான இடத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். “நான்தான்” என்று சொன்னதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன். மைக்கைக் கண்டால் யாருக்கும் வாய் குளறும். அதற்கு அடுத்த கேள்வி உனக்கு நினைவில்லையா? அந்த ஆள் என்னைக் காட்டி, “இவங்க யாரு?” என்றார். “தங்கச்சி. சும்மா துணைக்கு வந்திருக்கா” என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். மூன்று மாதம் நகக்கண் கிழிய வேலை செய்தவளுக்கு அந்தச் ‘சும்மா’வை விழுங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். இனி உன்பாடு.

முள் ஆடுவதற்கு மட்டும் பதில் சீக்கிரம் வேண்டும். பந்தயத்துக்கு நாள் இல்லை.

தங்கச்சி


ஜூலை 13

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். மெலிந்துதான் இருக்கிறேன்.

நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ இரண்டு வருடம் சுமந்ததை நான் சொன்ன இடத்திலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. சீக்கிரம் மன்னிக்க வேண்டாம், மெதுவாகச் செய், ஆனால் செய்.

நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். சமையற்காரர், “உங்க வீட்டுல எல்லாருமே மெக்கானிக்கா?” என்று கேட்டார். “என் தங்கச்சி இன்ஜின் செய்வா. நான் அவளுக்கு வயர் போட்டுக் கொடுத்தவன்” என்றேன். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

குழாய்தான். பேட்டரிக்குப் பின்னால் மாட்டினால் குழாய் ஒரு கஜம் நீளம். காற்று போய்ச் சேர்ந்து கதவு திறப்பதற்குள் முள் துள்ளிவிடுகிறது. சோலனாய்டை டர்போவுக்குக் கிட்டே கொண்டுவா, சூடு படாத இடமாகப் பார். கெட்டியான குழாயாக, ஒரு சாண் நீளத்துக்குள் போடு. வயர் நீளமானால் பரவாயில்லை, குழாய் நீளக் கூடாது. கம்ப்யூட்டர் கணக்கையும் ஒரு படி குறைத்து வைத்து மெதுவாக ஏற்று.

இருபத்தெட்டுக்கு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. மாப்பிள்ளையை ஒன்று விடாமல் எழுதச் சொல். அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 5

அன்புள்ள மச்சானுக்கு,

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். மலை உச்சியில், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், கையில் கடிகாரத்தோடு.

மொத்தம் பதினான்கு கார். மிளகாய் ஒன்பதாவதாகக் கிளம்பியது. கீழே சத்தம் கேட்கிறது, வண்டியைக் காணோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மூன்றாவதில், “சிவப்புக் கார் கொஞ்சம் அகலமாப் போயிருச்சு, சரளையில இறங்கிருச்சு” என்றார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மரங்களுக்கு நடுவில் சிவப்பாக ஒன்று தெரிந்தது, விசிலடித்துக்கொண்டே ஏறி வந்தது, என்னைத் தாண்டிப் போய் நின்றது.

கதவு திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினாள், “அசையலங்க! புள்ளி ஒம்போது! கடைசி வரைக்கும் முள் அசையவே இல்ல!” நேரம் என்ன என்று கேட்கவேயில்லை. நானாகச் சொன்னேன். எல்லாக் காரும் ஏறி முடிந்தபோது நாலாவது இடம். சரளையில் இறங்காமல் இருந்திருந்தால் இரண்டாவது வந்திருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அதையும் காதில் வாங்கவில்லை. பானெட்டைத் திறந்து சோலனாய்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

மிச்சத்தை அவளே எழுதியிருக்கிறாள். இந்த உறை கனமாக இருப்பதற்குக் காரணம் அந்த எட்டுப் பக்கம்தான். நான் படிக்கவில்லை, படித்தாலும் புரியாது. எட்டாவது பக்கத்தில் மட்டும் நீங்கள் டிசம்பரில் லீவில் வரும்போது தங்குவதற்கு அறை ஒழித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாள். உண்மைதான். அலமாரியை நகர்த்தியவன் நான்.

இனி நீங்கள் இருவரும் நேரடியாகவே எழுதிக்கொள்வீர்கள். நடுவில் இருந்த என் வேலை போய்விட்டது. அதனால் துணிந்து ஒன்று கேட்கிறேன். இத்தனை மாதத்தில் நானாகக் கேட்கிற முதல் கேள்வி இது. நேற்று அவள் அலுவலகம் கிளம்பும்போது, “ஞாயித்துக்கிழமைக்குள்ள ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பார்த்து வைங்க” என்றாள். “இதெல்லாம் சொல்லணுமா?” என்று நானும் கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

மச்சான், ரேடியேட்டர் என்பது எது? பானெட்டுக்குள் மூடி மட்டும் ஐந்து இருக்கிறது. படம் போட்டு அனுப்புங்கள், விலாசம் என் கடைக்கு எழுதுங்கள். இந்த ஞாயிறு தப்பினாலும் அடுத்த ஞாயிறு உதவும். உங்கள் தங்கைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

மானத்தோடு வாழ விரும்பும்
மாப்பிள்ளை